தத்துவமும் சமூகவியலும் சேர்த்துப் படிக்கலாமா? மலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கும் அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் அப்பா அம்மாக்களுக்கும் மேற்படிப்பு விவரம் சொல்கிற வேலையை ஞாயிறுதோறும் செய்துவருகிறேன். சமவெளியில் ஒரு கல்லூரியில் பி.ஏ. சமூகவியல், பிறகு அஞ்சல் வழியில் எம்.ஏ. தத்துவம் என்று படித்தவள் நான் என்பதால் இந்த இரண்டு பாடத்தைப் பற்றி யார் கேட்டாலும் என் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, கீழே பதில் போட்டிருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள், சொன்னதையே மறுபடி சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

அக்கா, தத்துவம்னா சாமியார் படிப்பு, சமூகவியல்னா சமூக சேவை, அப்படித்தானே?

சமூக சேவைக்கான படிப்பு எம்.எஸ்.டபிள்யூ., அது தனித் துறை. சமூகவியல் என்பது மனிதர்கள் கூட்டமாக வாழும்போது என்ன நடக்கிறது, ஏன் அப்படி நடக்கிறது என்று பார்ப்பது. குடும்பம், சாதி, வேலை, மதம், ஊர் விட்டு ஊர் போவது எல்லாம் அதற்குள் வரும். ஊகமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது, எண்ணிப் பார்க்க வேண்டும், பேட்டி எடுக்க வேண்டும், கூடவே இருந்து கவனிக்க வேண்டும். பிரான்சில் எமில் டர்க்கைம் 1897இல் தற்கொலையை எடுத்துக்கொண்டு, இவ்வளவு தனிப்பட்டதாகத் தெரிகிற ஒரு முடிவில்கூட மதம், திருமணம், ஊரோடு உள்ள ஒட்டுறவு எல்லாம் எப்படி வேலை செய்கின்றன என்று புள்ளிவிவரத்தை வைத்துக் காட்டினார். முதல் வருடத்திலேயே இதைப் படிக்க வேண்டியிருக்கும்.

தத்துவம், நாம் யோசிக்காமல் பயன்படுத்துகிற பெரிய விஷயங்களை நிறுத்தி வைத்து விசாரிக்கிறது. எதை அறிவு என்று சொல்லலாம், எது நியாயம், ஒருவருக்கு உரிமை என்று ஒன்று எங்கிருந்து வருகிறது, இந்த மாதிரி. சாமியார் படிப்பு என்ற பேச்சும் சும்மா வந்ததில்லை. கொடைக்கானல் பக்கம் செண்பகனூரில் இயேசு சபைத் துறவிகள் தத்துவம் படித்தார்கள், கத்தோலிக்கக் குருவாக வேண்டுமென்றால் இன்றைக்கும் இறையியலுக்கு முன்னால் தத்துவம் படித்தாக வேண்டும். ஆனால் பல்கலைக்கழகத் தத்துவ வகுப்பில் கடவுள் இல்லை என்று வாதிடுபவருக்கும் அதே மதிப்பெண்தான். வாதம் நிற்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

ஒண்ணைப் படிச்சாப் போதாதா? எதுக்கு ரெண்டும்?

கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: செக்‌ஷன் 17 நிலம். நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்ம நிலங்களை (பரம்பரை ஜமீன் மாதிரி) ரயத்துவாரி ஆக்க, அதாவது அரசுக்கு நேராக வரி கட்டும் பட்டா நிலமாக்க, 1969இல் சட்டம் வந்தது. குத்தகை நிலங்களைப் பற்றிய 17ஆம் பிரிவு அப்படியே சிக்கலாகி நிற்கிறது. அந்த நிலத்தில் பட்டா இல்லாமல் தலைமுறையாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே போய் ஒரு சமூகவியல் மாணவி என்ன செய்வாள்? பணியரும் காட்டுநாயக்கரும் எப்போதிலிருந்து இருக்கிறார்கள், கேரளத்திலிருந்து யார் எப்போது ஏறி வந்தார்கள், இந்தியா-இலங்கை 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து வந்தவர்கள் எப்படி இங்கே தங்கினார்கள், கையில் காகிதம் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் கரண்ட் கனெக்‌ஷன் வாங்குவதில் என்ன வித்தியாசம் என்று ஒவ்வொன்றாகத் தோண்டுவாள். அருமையான வேலை. ஆனால் கடைசியில் "அப்போ நிலம் யாருக்குச் சேரணும்?" என்று யாராவது கேட்டால் அந்தத் தகவல் மட்டும் பதில் சொல்லாது.

அந்த இடத்தில் தத்துவம் வருகிறது. உழைப்பைக் கலந்தவனுக்கே நிலம் சொந்தம் என்று 17ஆம் நூற்றாண்டில் ஜான் லாக் வாதிட்டார். தேயிலை நட்டவர் அதைக் கேட்டதும் சந்தோஷப்படுவார். ஆனால் காட்டை வெட்டாமல், உழாமல், தேனும் கிழங்கும் எடுத்து அதே காட்டில் வாழ்ந்தவர்களை அந்த வாதம் உரிமையாளராக எண்ணுமா? உழைப்பு என்று அவர் மனதில் வைத்திருந்தது யாருடைய உழைப்பை? பார்த்தீர்களா, கேள்வி மறுபடி சமூகவியலுக்கே போய்விட்டது. தத்துவம் மட்டும் படித்தவர் யாரென்றே தெரியாத "மனிதன்" ஒருவனைப் பற்றி ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார், சமூகவியல் மட்டும் படித்தவர் தன்னுடைய நியாய உணர்வைச் சோதிக்காமலே அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பரிந்துரை எழுதிவிடுவார். இரண்டு சோம்பேறித்தனத்தையும் நான் பார்த்திருக்கிறேன். சேர்த்துப் படித்தால் ஒன்று இன்னொன்றைச் சும்மா இருக்க விடாது, நான் சேர்த்துப் படிக்கச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இப்படி ரெண்டையும் கலந்து படிச்சு யாராச்சும் உருப்பட்டிருக்காங்களா?

ஒரு அப்பா கேட்டது, மரியாதையாகத்தான் கேட்டார். சமூகவியலை உருவாக்கியவர்களில் பாதிப் பேர் தத்துவத்திலிருந்து வந்தவர்கள். சோசியாலஜி என்ற பெயரைப் பரப்பிய ஆகஸ்ட் காம்ட் தத்துவவாதி. மேலே சொன்ன டர்க்கைம் தத்துவ ஆசிரியராகத்தான் வேலையைத் தொடங்கினார். கார்ல் மார்க்ஸ் 1841இல் டாக்டர் பட்டம் வாங்கியது தத்துவத்தில். ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் "தத்துவம் மற்றும் சமூகவியல்" என்று ஒரே பேராசிரியர் பதவியே இருந்தது, ஹேபர்மாஸ் என்ற தத்துவவாதி 1964இல் அதில் உட்கார்ந்தார்.

இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். கூடலூரிலிருந்து முதுமலை, பந்திப்பூர் தாண்டினால் மைசூர். அங்கே தத்துவப் பேராசிரியர் ஏ.ஆர். வாடியா முயற்சியில் சமூகவியல் பாடமாக நுழைந்தது. இந்தியச் சமூகவியலில் பெரிய பெயரான எம்.என். சீனிவாஸ் 1930களில் மைசூரில் படித்த ஆனர்ஸ் பட்டத்தின் பெயரே சமூகத் தத்துவம். ஆக நாம் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை, நடுவில் பிரிந்துபோனதைத் திரும்பச் சேர்க்கிறோம், அவ்வளவுதான்.

மலையை விட்டு இறங்காமலே படிக்க முடியுமா?

இரண்டையும் வகுப்பில் உட்கார்ந்து, மலையிலேயே படிப்பது நடக்காத காரியம் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். கொடைக்கானலில் 1984இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை உண்டு, பெண்களுக்கு மட்டும். ஊட்டி ஸ்டோன் ஹவுஸ் வளாகத்து அரசு கலைக் கல்லூரியோ குன்னூர், கூடலூர் கல்லூரிகளோ என்றால், அந்தந்த வருடம் என்னென்ன பி.ஏ. இருக்கிறது, துணைப்பாடமாக எதைத் தருகிறார்கள் என்று விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் நேரில் கேட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் படித்த காலத்து விவரத்தை நம்பாதீர்கள்.

தத்துவம் பி.ஏ.வாக வேண்டுமென்றால் கொடைக்கானல், வத்தலக்குண்டு பக்கத்து ஆட்களுக்கு மதுரை மாவட்டத்தில் கருமாத்தூர் அருள் ஆனந்தர் கல்லூரி இருக்கிறது. சென்னை என்றால் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி, மயிலாப்பூர் விவேகானந்தா. எம்.ஏ.வுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணாமலை, புதுச்சேரி, ஹைதராபாத். கூடலூர்க்காரர்கள் மைசூரையும் மறக்க வேண்டாம். மலையிலேயே இருந்தாக வேண்டிய நிலை என்றால் இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். அதில் தத்துவம் எம்.ஏ.வும் சமூகவியல் எம்.ஏ.வும் இரண்டுமே இருக்கின்றன, எந்தப் பட்டம் முடித்தவரும் சேரலாம்.

ரெண்டும் சேர்ந்து ஒரே டிகிரியா தர மாட்டாங்களா?

வெளிநாட்டில் சில இடங்களில் தருகிறார்கள், பிரிட்டனில் இரண்டு பாடத்தை இணைத்து ஆனர்ஸ் கொடுப்பது சாதாரணம். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. புரோகிராமில் இரண்டு பாடங்களை இணையாக எடுக்கலாம், ஆனால் எந்தக் கல்லூரி எந்த ஜோடியைத் தருகிறது என்பது மாறும். நம் ஊரில் பெரும்பாலும் ஒரு முதன்மைப் பாடம், ஒட்டினாற்போல ஒரு துணைப்பாடம். அதனால் நாமே கோத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் சொல்கிற வழி: பி.ஏ.வில் சமூகவியல், எம்.ஏ.வில் தத்துவம். தலைகீழாகவும் செய்யலாம், ஆனால் பதினெட்டு வயதில் ஆட்களிடம் போய்ப் பேசிப் பழகிவிட்டு, இருபத்தொன்றில் காண்ட் என்ற கடினமான ஜெர்மன் தத்துவவாதியைத் திறப்பது சுலபம். முதலிலேயே காண்ட்டைத் திறந்தவர்கள் சிலர் அப்புறம் எந்தப் புத்தகத்தையும் திறக்கவில்லை.

இன்னொரு வழியும் உண்டு. 2022 ஏப்ரலில் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) ஒரே சமயத்தில் இரண்டு பட்டப்படிப்பு படிக்க அனுமதித்தது. இரண்டும் நேரடி வகுப்பு என்றால் நேரம் ஒன்றோடு ஒன்று மோதக்கூடாது. ஒன்று நேரடி, இன்னொன்று தொலைநிலை என்றும் வைத்துக்கொள்ளலாம். தொலைநிலைப் படிப்புக்கு யு.ஜி.சி. அங்கீகாரம் கட்டாயம், பிஎச்.டி. இந்த அனுமதிக்குள் வராது. காகிதத்தில் அழகாக இருக்கிறது, ஆனால் இரண்டு இடத்துத் தேர்வு ஒரே வாரத்தில் வந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துவிட்டு இறங்குங்கள்.

பிளஸ் டூல நான் காமர்ஸ் குரூப். பரவாயில்லையா?

பரவாயில்லை. சயின்ஸ் குரூப்பும் பரவாயில்லை. புள்ளியியல் கொஞ்சம் தெரிந்தவர்கள் சமூகவியல் ஆய்வு முறைத் தாளில் மற்றவர்களைவிட நிம்மதியாக இருப்பார்கள்.

தமிழ் மீடியம் அக்கா நான். இங்கிலீஷ்ல தத்துவம் எப்படிப் படிக்கிறது?

தமிழில் தத்துவம் படிக்க ஒன்றுமில்லை என்ற நினைப்போடு வராதீர்கள். மணிமேகலை 27ஆம் காதையில் ஒவ்வொரு சமயவாதியும் வந்து தன் கொள்கையைச் சொல்லிவிட்டுப் போகிறான், 29ஆம் காதையில் அறவண அடிகள் அனுமானம் எப்படிச் செய்ய வேண்டும், எங்கெல்லாம் அது போலியாகிவிடும் என்று பாடமே நடத்துகிறார். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் (பிற கொள்கைகளை மறுக்கும் பகுதி) கடவுளை மறுக்கும் உலகாயதத்தில் தொடங்கி எதிர்த்தரப்பு ஒவ்வொன்றையும் முதலில் அவர்கள் வாயால் சொல்ல வைத்துவிட்டுத்தான் மறுக்கிறார்கள். எதிராளியின் வாதத்தை நியாயமாகச் சொல்லிவிட்டு அப்புறம் தாக்குவது, இதைத்தான் மூன்று வருடமும் சொல்லித்தரப் போகிறார்கள். பள்ளியிலேயே "அறவியலும் இந்தியப் பண்பாடும்" எடுத்தவர்களுக்கு ஒரு வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது.

ஆனால் ஆங்கிலத்தைத் தவிர்க்க முடியாது, ஆறுதலுக்காகப் பொய் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் பி.ஏ. தேர்வைத் தமிழில் எழுதலாம், யு.பி.எஸ்.சி. மெயின்ஸும் தமிழில் எழுதலாம், ஆனால் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வின் தத்துவ, சமூகவியல் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். முதல் வருடத்திலிருந்தே ஒரு நாளைக்கு ஆங்கிலத்தில் ஒரே ஒரு பக்கம், அகராதியோடு. படித்ததைத் தமிழில் நாலு வரி எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் புரியவில்லை என்று அர்த்தம், நம்மால் முடியாது என்று அர்த்தமில்லை. இக்னோவின் பாடப் புத்தகங்கள் ஈ-ஞான்கோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அங்கே சேராதவர்களும் இறக்கிக்கொள்ளலாம். பனிக்காலத்தில் நெட்வொர்க் இல்லாத ஹட்டிகளுக்கு (படுகர் ஊர்களுக்கு) இது பெரிய உதவி, கோத்தகிரி வரும்போது மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

செலவு எவ்வளவு ஆகும் மேடம்?

அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் கலைப் பாடங்களுக்குக் கட்டணம் குறைவு, கையைக் கடிப்பது விடுதியும் சாப்பாடும்தான். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1000 ரூபாய். இது நேரடியாகக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு. ஆதி திராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளுக்கு ஜூன் மாதமே அலையத் தொடங்குங்கள், மழை நிற்கட்டும் என்று காத்திருந்தால் இடம் போய்விடும்.

என் பொண்ணு இதைப் படிச்சு என்ன வேலைக்குப் போவா? உண்மையைச் சொல்லுங்க.

சொல்கிறேன். பி.ஏ. முடித்த மறுநாள் இந்தப் பாடத்தின் பெயரைச் சொல்லி வேலை கொடுக்க யாரும் வாசலில் நிற்க மாட்டார்கள். பி.எட். முடித்துப் பள்ளி ஆசிரியராக வேண்டும் என்பது கனவு என்றால் வரலாறு, பொருளியல், தமிழ், ஆங்கிலம் என்று பள்ளியில் நடத்துகிற பாடமாகப் பார்த்து எடுங்கள். மலையில் பெண் பிள்ளைகளுக்கு டீச்சர் வேலை எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கல்லூரி ஆசிரியர் வேலைக்கு எம்.ஏ.வில் 55 சதவீதம் (பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்ட வகுப்பாருக்கு 50), அப்புறம் நெட் அல்லது மாநில அளவிலான செட். எந்தப் பாடத்தில் எம்.ஏ.வோ அந்தப் பாடத்தில்தான் நெட் எழுத வேண்டியிருக்கும், எனவே பி.ஏ. ஒன்று, எம்.ஏ. ஒன்று என்று போகிறவர்கள் எம்.ஏ.வைத்தான் தங்கள் தொழில் என்று நினைக்க வேண்டும். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் பிஎச்.டி. செய்ய மாதம் 37,000 ரூபாய். அதை வாங்கும் வரை வீடு பொறுத்துக்கொள்ளுமா என்பதுதான் உண்மையான கேள்வி, அதை நீங்களும் உங்கள் பொண்ணும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

இவை தவிர நம் மலையிலேயே கள ஆய்வு வேலைகள் இருக்கின்றன. காடு, பழங்குடி நலம், தேயிலை, சுற்றுலா என்று எதை எடுத்தாலும் ஏதாவது ஒரு நிறுவனம் சர்வே நடத்திக்கொண்டே இருக்கிறது. படுகும் தமிழும் மலையாளமும் பேசத் தெரிந்து, கேள்வித்தாளை ஒழுங்காகத் தயாரிக்கவும் தெரிந்த ஒரு ஆளுக்குக் கிராக்கி உண்டு. சம்பளம் பெரிதாக இருக்காது, வேலையும் திட்டம் முடிகிற வரைக்கும்தான். பத்திரிகை, உள்ளடக்கம் எழுதும் வேலை, மனிதவளத் துறை என்று போனவர்களும் இருக்கிறார்கள். மற்ற எல்லோரையும் போல குரூப் 2, குரூப் 4 எழுதுவதற்கும் எந்தத் தடையும் இல்லை.

யு.பி.எஸ்.சி.க்கு எதை ஆப்ஷனல் வெச்சுக்கிறது?

2013இலிருந்து ஒரே ஒரு விருப்பப் பாடம்தான், இரண்டு தாள், மொத்தம் 500 மதிப்பெண். தத்துவத்துக்குப் பாடத்திட்டம் சின்னது, செய்தித்தாளோடு ஓட வேண்டியதில்லை. சமூகவியல் பொது அறிவுத் தாளிலும் கட்டுரையிலும் கைகொடுக்கும். நான்காவது பொதுத் தாளான அறவியலுக்குத் தத்துவம் படித்தவர்கள் திணற மாட்டார்கள். இரண்டும் தெரிந்தவர்கள், எந்தப் பாடத்தில் வேகமாக எழுத வருகிறதோ அதை எடுங்கள். யு.பி.எஸ்.சி.க்காக மட்டும் இந்த இரண்டையும் பட்டமாகப் படிக்காதீர்கள், அதற்குக் கோச்சிங் நோட்ஸே போதும்.

ரெண்டு பாடத்துக்கும் பரீட்சைல ஒரே மாதிரி எழுதினா மார்க் போயிடுதே, ஏன்?

எழுதும் விதமே வேறு. இ-பாஸை எடுத்துக்கொள்வோம், எல்லோருக்கும் தெரிந்த கதை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ். சமூகவியல் தாளில் இதை எழுதும்போது முதல் வரியே யாரைப் பற்றி என்று இருக்க வேண்டும். டாக்சி ஓட்டுபவர், காட்டேஜ் வைத்திருப்பவர், ஏரிக்கரையில் மக்காச்சோளம் சுடுபவர், சீசனில் ஆம்புலன்ஸ் நகராமல் தவித்த குடும்பம். ஒவ்வொருவருக்கும் இந்த விதி வேறு வேறாக விழுகிறது, ஏன் என்று வர்க்கம், அதிகாரம், சங்கங்களின் பலம் ஆகியவற்றைக் கொண்டு விளக்க வேண்டும். ஆதாரம் இல்லாத வாக்கியத்துக்கு மதிப்பெண் இல்லை.

தத்துவத் தாளில் அதே விஷயத்துக்கு முதல் வரி ஒரு நிலைப்பாடாக இருக்க வேண்டும். "பொது இடத்துக்குள் வருவதைக் கட்டுப்படுத்த அங்கே குடியிருப்பவர்களுக்கு உரிமை உண்டு" என்று வையுங்கள். பிறகு அதற்கு இருப்பதிலேயே பலமான மறுப்பு எது என்று தேடுங்கள், தேடி உண்மையாகவே பலமாக எழுதுங்கள். மலை எல்லோருக்கும் பொது என்றால்? குடியிருப்பவர் என்பவர் யார், பத்து வருடம் முன்னால் பங்களா வாங்கியவரும் அதில் சேர்த்தியா? இப்படியே தள்ளிக்கொண்டு போய், உங்கள் நிலைப்பாடு எதைத் தாங்கியது, எங்கே விட்டுக்கொடுத்தது என்று முடிக்க வேண்டும். மக்காச்சோளக்காரரைப் பற்றி ஒரு பக்கம் உருக்கமாக எழுதினால் தத்துவ ஆசிரியர் ஓரத்தில் "வாதம் எங்கே?" என்று சிவப்பில் எழுதிவிடுவார்.

இதெல்லாம் படிச்சா சாமி நம்பிக்கை போயிடுமாமே? பாட்டி பயப்படுறாங்க.

போகலாம், கூடலாம், அப்படியே இருக்கலாம். மூன்றையும் பார்த்திருக்கிறேன். படுகர்களின் தெய்வமான ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் பேரகணி ஊருக்கு வெள்ளை முண்டும் தலைப்பாகையுமாக நடந்து போகும் கூட்டத்தைப் பார்த்து, இந்த ஊர்கள் தங்களையே ஒன்றாக உணரும் நாள் இது என்று சமூகவியல் சொல்லும். மதத்தில் மனிதர்கள் தங்கள் சமூகத்தையே கும்பிடுகிறார்கள் என்கிற அளவுக்கு டர்க்கைம் 1912இல் எழுதினார். சரி, அது உண்மையாகவே இருந்தாலும், ஹெத்தையம்மன் இருக்கிறாளா இல்லையா என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது. ஒரு நம்பிக்கை எப்படி வந்தது என்று சொல்லிவிட்டதாலேயே அது பொய்யாகிவிடாது, இதைச் சொல்லிக்கொடுப்பது தத்துவம். இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவர் பாட்டியிடம் அலட்டிக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். ஒரு பாடத்தை மட்டும் அரைகுறையாகப் படித்து வந்தவர்தான் பண்டிகைக்கு வந்து எல்லோரையும் திருத்துவார்.

சமூகவியல் மேடம் எல்லாமே சமூகம் கட்டினதுங்கறாங்க. தத்துவ சார் சரி தப்பு உண்டுங்கறார். யார் சொல்றது சரி?

நல்ல கேள்வி, இரண்டாவது வருடத்தில் எல்லோருக்கும் வரும். முதலில், கட்டியது என்றால் இல்லாதது என்று பொருள் கொள்ளாதீர்கள். எஸ்டேட் லயத்தை, அதாவது தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளை, எடுத்துக்கொள்ளுங்கள். வேலை இருக்கும் வரை வீடு, ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும் என்ற விதியை மனிதர்கள்தான் போட்டார்கள். அதனால் அது பொய்யா? அறுபது வயதில் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவரிடம் கேளுங்கள். மேடம் சொல்வது, இந்த விதி இயற்கையில் வந்தது கிடையாது, வேறு மாதிரியும் இருந்திருக்கலாம், யாருடைய வசதிக்கு இப்படி வந்தது என்று பாருங்கள் என்பது. அந்த அளவில் அவர் சொல்வது சரி.

ஆனால் "வேறு மாதிரி இருந்திருக்கலாம்" என்பதிலிருந்து "வேறு மாதிரி இருக்க வேண்டும்" என்று தாவ முடியாது. இருப்பதிலிருந்து இருக்க வேண்டியதைத் தானாக வரவழைக்க முடியாது என்று 18ஆம் நூற்றாண்டிலேயே டேவிட் ஹியூம் எச்சரித்துவிட்டார். மூன்று தலைமுறை உழைப்பு வாங்கிய இடம் அந்தக் குடும்பத்துக்கு ஒரு கூரை கடன்பட்டிருக்கிறதா என்பதற்குத் தனி வாதம் வேண்டும், அந்த வாதத்தைத்தான் சார் எதிர்பார்க்கிறார். மேடத்துக்கும் சாருக்கும் சண்டை இல்லை, அவர்கள் ஒரே ஸ்டாஃப் ரூமில் உட்காராததால் உங்களுக்கு அப்படித் தெரிகிறது. எல்லா ஊர் வழக்கமும் அந்தந்த ஊருக்குச் சரி என்று முடித்துவிட நினைப்பவர்களுக்கு ஒன்று: அப்படிச் சொன்னால் லயத்து விதியும் எஸ்டேட்டுக்குச் சரி என்றாகிவிடும். அதற்கு ஒப்புக்கொள்வீர்களா?

எங்க ஹட்டியைப் பத்தியே ப்ராஜெக்ட் பண்ணலாமா அக்கா? கேட்டா எல்லாரும் சொல்லுவாங்க.

பண்ணலாம், ஆனால் எல்லாரும் சொல்ல மாட்டார்கள். வெளியாள் கேட்டால் விலாவாரியாகச் சொல்லும் அதே பெரியவர் உங்களுக்கு டீ கொடுத்து, "உனக்குத் தெரியாததா, உங்க அப்பாவைக் கேளு" என்று முடித்துவிடுவார். சொத்துத் தகராறு, கலப்புத் திருமணம் எல்லாம் நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை என்பதைப் பொறுத்து வெளியே வரும் அல்லது வராது. தெரிந்ததையே தெரியாதது போலக் கேட்கப் பழக வேண்டும், அதற்குக் கூச்சம் போக ஒரு மாதமாவது ஆகும். அப்புறம் பெயரை மாற்றி எழுதிவிட்டேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அறுபது வீடு இருக்கும் ஊரில் "ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், இரண்டு மகன்கள் பெங்களூரில்" என்று எழுதினாலே யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

நீலகிரி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆய்வாளர்கள் வந்துபோகும் இடம். ஆங்கிலேய மானிடவியலாளர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1901-02இல் இங்கே தங்கித் தோடர்களைப் பற்றி ஆராய்ந்து 1906இல் பெரிய புத்தகம் போட்டார், உறவுமுறையை ஆராயும் விதத்தையே அது மாற்றியது. அந்தப் புத்தகத்தில் அவரே ஒன்றை எழுதியிருக்கிறார்: ரகசியமான சடங்குகளைச் சொன்னவர்கள் சிலருக்கு அடுத்தடுத்துத் துன்பம் வந்தது, வெளியாளிடம் சொன்னதால் தெய்வக் கோபம் என்று குறி சொல்பவர்கள் சொன்னார்கள், அதோடு விவரம் சொல்ல ஆட்கள் தயங்கினார்கள். இதை வகுப்பில் இரண்டு விதமாகவும் பேசலாம். ரகசியம் எப்படி ஒரு கூட்டத்தைக் கட்டி வைக்கிறது என்பது சமூகவியல். ஒருவர் தானாகச் சம்மதித்துச் சொன்னாலும், அந்த ரகசியம் அவர் ஒருவருடையதுதானா, அவருடைய சம்மதம் மட்டும் போதுமா என்பது தத்துவம்.

பழங்குடி ஊர்களுக்குப் போவதாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆறு பேரும் அரசின் கணக்கில் மிகவும் நலிவடைந்த பழங்குடிகள். கல்லூரிக் கடிதம், ஊர்த் தலைவரின் ஒப்புதல், தேவையான இடத்தில் வனத்துறை அனுமதி எல்லாம் முன்கூட்டியே வாங்க வேண்டும். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. முதலில் அங்கே போய் ஏற்கெனவே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள், கேட்ட கேள்வியையே கேட்டு அலுத்துப்போனவர்களிடம் மறுபடி போய் நிற்காமல் இருக்கலாம்.

பிஎச்.டி.லயாவது ரெண்டையும் ஒண்ணா சேர்க்க முடியுமா?

முடியும், ஆனால் பதிவு ஏதாவது ஒரு துறையில்தான் இருக்கும், பட்டத்திலும் அந்தத் துறையின் பெயர்தான் வரும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பெயரைத்தான் பார்ப்பார்கள் என்பதை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள். தலைப்பு எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம்: நில உரிமை, நீதி, மதம், கவுரவம், உழைப்பு, எல்லாமே இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கும் தலைப்புகள்தான். எம்.ஃபில்.லை 2022இல் யு.ஜி.சி. நிறுத்திவிட்டது, எனவே "முதலில் எம்.ஃபில். செய்து பார்" என்று யாராவது பழைய யோசனை சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய கட்டுரை இரண்டையாவது படித்துவிட்டுப் போங்கள். இன்னொரு துறை ஆசிரியரை ஆலோசகராக வைத்துக்கொள்ள அவர் சம்மதிப்பாரா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.